யெஸ்ஸா, நோவா? விண்டோஸ் அனுமதி கேட்கும்போது என்ன செய்வது

ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தை போன் செய்தார். "கம்ப்யூட்டர் திரை பூரா மங்கிப் போச்சு. நடுவுல ஒரு பெட்டி வந்து நிக்குது. யெஸ்னு ஒண்ணு, நோன்னு ஒண்ணு. எதைத் தொடட்டும்? சீக்கிரம் சொல்லுடா, அடுப்புல பால் இருக்கு."

"நோ அழுத்துங்க அத்தை. பாலை இறக்கி வச்சுட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்றேன்.

பத்து நிமிடம் கழித்து, "நோ அழுத்திட்டேன். ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டார். ஒன்றும் ஆகாது. புதிதாகக் கணினி வாங்கியவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். நோ சொன்னால் கேட்ட வேலை அப்படியே நின்றுவிடும், அவ்வளவுதான். தேவையான வேலையாக இருந்தால் மறுபடியும் தொடங்கிக்கொள்ளலாம். யெஸ் சொல்லிவிட்டால் அதைத் திரும்ப வாங்குவதுதான் பெரும்பாடு. அதனால் சந்தேகம் வந்தால் நோ. யாரிடமாவது கேட்க நேரம் வேண்டுமென்றாலும் நோ.

அந்தப் பெட்டி எதற்காக வருகிறது, அதில் எதைப் படிக்க வேண்டும், அடிக்கடி வந்தால் எப்படிக் குறைப்பது என்பதையெல்லாம் அத்தைக்குச் சொன்னபடியே இங்கே எழுதுகிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் இது பொருந்தும். மேக்கிலும் லினக்ஸிலும் இதே வேலையைக் கடவுச்சொல் கேட்டுச் செய்கிறார்கள். அதற்குள் நான் போகவில்லை.

எதற்காகக் கேட்கிறது

இதற்கு யூசர் அக்கவுண்ட் கன்ட்ரோல் என்று பெயர். சுருக்கமாக யூஏசி. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் இது கிடையாது. வீட்டுக் கணினியில் எல்லோரும் முழு அதிகாரம் உள்ள அட்மினாகத்தான் நுழைவார்கள். நாம் திறக்கும் பிரவுசருக்கும் அதே அதிகாரம், பென்டிரைவில் ஒட்டிக்கொண்டு வந்த வைரஸுக்கும் அதே அதிகாரம். அந்த நாட்களில் பிரவுசிங் சென்டரில் பென்டிரைவைச் செருகி எடுத்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2007இல் கடைக்கு வந்த விஸ்டாவில்தான் யூஏசி அறிமுகமானது. தொட்டதற்கெல்லாம் கேட்கிறது என்று சலித்துப்போய் நிறையப் பேர் அதை அணைத்தே வைத்திருந்தார்கள். 2009இல் வந்த விண்டோஸ் 7 கேள்விகளைக் குறைத்தது, எவ்வளவு கேட்க வேண்டும் என்பதை நாமே நான்கு நிலைகளில் வைத்துக்கொள்ளவும் வழிசெய்தது. இன்று இருப்பதும் அதே ஏற்பாடுதான்.

உள்ளே நடப்பது இது. அட்மின் கணக்கில் நீங்கள் நுழைந்தவுடன் விண்டோஸ் உங்கள் பெயரில் இரண்டு அடையாளச் சீட்டுகள் தயாரிக்கிறது. ஒன்று சாதாரணப் பயனருக்கு உரியது, இன்னொன்றில் முழு அதிகாரமும் இருக்கும். பிரவுசர், வேர்டு, பாட்டு, படம் எல்லாம் முதல் சீட்டிலேயே ஓடுகின்றன. ஏதாவது ஒரு புரோகிராம் இரண்டாவது சீட்டைக் கேட்டால்தான் திரை மங்கிப் பெட்டி வருகிறது. எல்லாப் பயனர்களுக்கும் சேர்த்து மென்பொருள் நிறுவுவது, பிரிண்டர் போன்ற கருவிகளை இயக்க வைக்கும் டிரைவர் போடுவது, இணையப் போக்குவரத்தைக் காவல் காக்கும் ஃபயர்வாலை மாற்றுவது, கணினியின் கடிகாரத்தைத் திருத்துவது எல்லாம் அந்த வகை. வைஃபையில் சேர்வதற்கும் வால்பேப்பர் மாற்றுவதற்கும் பெட்டி வராது. விண்டோஸ் அப்டேட்டும் தன் பாட்டுக்கு நடந்துவிடும்.

பட்டனிலோ ஐகானிலோ நீலமும் மஞ்சளுமாக ஒரு சின்னக் கேடயம் தெரிந்தால், அதைத் தொட்டதும் பெட்டி வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்கிறார்கள்.

பெட்டியைப் படிப்பது

பெட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இதற்கு முந்தின நொடியில் நான் எதைத் தொட்டேன்? நீங்களே ஒரு மென்பொருளை நிறுவத் தொடங்கி, அதைத் தொடர்ந்து பெட்டி வந்தால் மேற்கொண்டு படிக்கலாம். யூடியூபில் சமையல் பார்த்துக்கொண்டிருக்கும்போது தானாக வந்து நின்றால் படிக்கவே வேண்டாம், நோ. சில நேரம் ஏற்கெனவே நிறுவிய நல்ல மென்பொருளே தன்னைப் புதுப்பித்துக்கொள்ளக் கேட்டிருக்கலாம். இருக்கட்டுமே. நோ சொல்லிவிட்டு, அந்த மென்பொருளைத் திறந்து அதற்குள்ளேயே அப்டேட் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது பெயர். பெட்டியின் நடுவில் புரோகிராமின் பெயரும், அதற்குக் கீழே 'வெரிஃபைடு பப்ளிஷர்' என்ற வரியும் இருக்கும். அதை வெளியிட்ட நிறுவனம் டிஜிட்டல் கையெழுத்துப் போட்டிருக்கிறது, அந்தக் கையெழுத்தை விண்டோஸ் சரிபார்த்துவிட்டது என்று அதற்குப் பொருள். அப்போது பெட்டியின் தலைப்பட்டை நீலமாக இருக்கும். ஃபயர்ஃபாக்ஸ் நிறுவினால் மொசில்லா கார்ப்பரேஷன் என்றும், குரோம் நிறுவினால் கூகுள் எல்எல்சி என்றும் வரும். நீங்கள் நிறுவப்போன பொருளுக்கும் அங்கே இருக்கும் நிறுவனப் பெயருக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். பிரவுசர் நிறுவப்போன இடத்தில் கேள்விப்படாத ஏதோ மீடியா கம்பெனியின் பெயர் இருந்தால் அது வேறு சரக்கு.

பட்டை மஞ்சளாகி, 'அன்னோன் பப்ளிஷர்' என்று வந்தால் கையெழுத்து இல்லை. அத்தைக்கு வந்தது இதுதான். பிரிண்டர் டிரைவர் தேடியிருக்கிறார். தேடல் முடிவில் மேலே இருந்தது விளம்பரம். அதைத் தொட்டு, பிரிண்டர் கம்பெனிக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு தளத்திலிருந்து எடுத்திருக்கிறார். பெரிய பிரிண்டர் கம்பெனிகள் தங்கள் டிரைவருக்குக் கையெழுத்துப் போடாமல் விடுவதில்லை. மஞ்சள் என்றாலே கெட்டது என்றும் முடிவு கட்டிவிட முடியாது. 7-ஜிப் நல்ல இலவச மென்பொருள், உலகமே பயன்படுத்துகிறது. ஆனால் அதன் நிறுவல் கோப்பு வெகுகாலமாகக் கையெழுத்து இல்லாமல்தான் வந்துகொண்டிருக்கிறது. மஞ்சள் வந்தால் நோ சொல்லிவிட்டு, அந்தக் கோப்பை அதை உருவாக்கியவரின் சொந்தத் தளத்திலிருந்துதான் எடுத்தோமா என்று உறுதி செய்யுங்கள். அங்கிருந்துதான் எடுத்தோம் என்று தெரிந்தால் மறுபடி தொடங்கி யெஸ் சொல்லலாம். பட்டை சிவப்பாக இருந்தால் விண்டோஸே தடுத்துவிட்டது. அதைச் சுற்றிப்போகும் வழியைத் தேடாதீர்கள்.

நீலத்தைப் பார்த்ததும் நிம்மதியாகிவிடவும் கூடாது. 2010இல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற புழு (தானாகவே பரவும் கெட்ட மென்பொருள்), ரியல்டெக் நிறுவனத்திடமிருந்து திருடிய கையெழுத்தோடு உலவியது. வீட்டுக் கணினிக்கு அந்த அளவு குறி வைத்து யாரும் வரமாட்டார்கள்தான். ஆனால் இன்னொரு தந்திரம் வீடு வரைக்கும் வருகிறது. பெட்டியில் 'விண்டோஸ் பவர்ஷெல்' அல்லது 'விண்டோஸ் கமாண்ட் புராசஸர்' என்று, கட்டளைகளைத் தட்டி ஓடவிடும் விண்டோஸ் கருவியின் பெயர் இருக்கும், வெளியீட்டாளர் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ், பட்டை நீலம். எல்லாம் உண்மைதான். அந்தப் புரோகிராம் மைக்ரோசாஃப்டுடையது, அதற்குக் கொடுத்த கட்டளை திருடனுடையது. 'ஷோ மோர் டீடெயில்ஸ்' என்பதைத் தொட்டால் எந்த ஃபோல்டரிலிருந்து எந்தக் கட்டளையோடு ஓடுகிறது என்று தெரியும். நீங்களாகப் பவர்ஷெல்லைத் திறக்காமல் இந்தப் பெயர் வந்தால் யெஸ் சொல்ல ஒரு காரணமும் இல்லை.

இதோடு சேர்ந்த ஒன்று. 'நீங்கள் மனிதர்தான் என்று நிரூபியுங்கள்' என்று சொல்லி, விண்டோஸ் சாவியையும் ஆர் எழுத்தையும் அழுத்துங்கள், பிறகு கன்ட்ரோல் வி, பிறகு என்டர் என்று படிப்படியாகச் சொல்லித்தரும் இணையப் பக்கங்கள் இப்போது நிறைய வருகின்றன. உங்கள் கையாலேயே அவர்களுடைய கட்டளையை ஓடவைக்கும் வேலை இது. எந்த உண்மையான தளமும் இப்படிக் கேட்காது. பக்கத்தை மூடிவிடுங்கள்.

இதுபோலவே தோன்றும் வேறு பெட்டிகள்

'விண்டோஸ் புரொடெக்டட் யுவர் பிசி' என்று நீலமாக வருவது யூஏசி இல்லை. அது ஸ்மார்ட்ஸ்கிரீன், இணையத்திலிருந்து இறக்கிய, அதிகம் பேர் பயன்படுத்தாத கோப்பைத் திறந்தால் வரும். அதில் 'டோண்ட் ரன்' மட்டும் பளிச்சென்று தெரியும். அதை மதித்து நின்றுவிடுவதே நல்லது.

போலிப் பெட்டிகளும் உண்டு. இணையப் பக்கத்துக்குள்ளேயே விண்டோஸ் மாதிரி படம் வரைந்து, சைரன் ஒலியோடு ஒரு போன் நம்பரும் காட்டுவார்கள். உண்மையான யூஏசி பெட்டி எந்தப் போன் நம்பரும் காட்டாது. அது வந்து நிற்கும்போது கீழே டாஸ்க்பாரைத் தொட முடியாது, வழக்கமான முறையில் ஸ்கிரீன்ஷாட் எடுக்கவும் முடியாது. போலிப் பக்கம் திரையை முழுதாக மறைத்துக்கொண்டால் எஸ்கேப் சாவியைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். அப்படியும் போகாவிட்டால் கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுங்கள்.

எவ்வளவு கேட்க வேண்டும் என்று வைப்பது

ஸ்டார்ட் மெனுவைத் திறந்து ஆங்கிலத்தில் யூ, ஏ, சி என்று மூன்று எழுத்துகளைத் தட்டுங்கள். 'சேஞ்ச் யூசர் அக்கவுண்ட் கன்ட்ரோல் செட்டிங்ஸ்' என்று வரும். உள்ளே போனால் மேலும் கீழும் நகரும் ஒரு பட்டன் இருக்கும், நான்கு நிலைகள். புதுக் கணினியில் மேலிருந்து இரண்டாவது நிலையில் இருக்கும். அதில் மற்ற புரோகிராம்கள் கேட்டால் பெட்டி வரும். விண்டோஸின் சொந்தக் கருவிகள் சிலவற்றுக்கு வராது. அந்தச் சலுகையைத் தவறாகப் பயன்படுத்தி நுழையும் வைரஸ்கள் இருக்கின்றன. அதனால் அட்மின் கணக்கிலேயே தினமும் வேலை செய்கிறவர்களுக்கு எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் 'ஆல்வேஸ் நோட்டிஃபை' நிலையைத்தான் நான் வைத்துக்கொடுப்பேன். ஒன்றிரண்டு தடவை கூடுதலாகக் கேட்கும், அவ்வளவுதான்.

மூன்றாவது நிலையில் பெட்டி வரும், திரை மங்காது. மங்குவதில் என்ன இருக்கிறது, வெறும் அலங்காரம்தானே என்று தோன்றும். திரை மங்கும்போது விண்டோஸ் தனியாக ஒரு பாதுகாப்பான திரைக்கு மாறிவிடுகிறது. மற்ற புரோகிராம்களால் அந்தத் திரையில் எதையும் அழுத்த முடியாது. வங்கியிலிருந்து பேசுகிறோம், போலீசிலிருந்து பேசுகிறோம் என்று ஒருவன் போனில் வந்து, தொலைவிலிருந்து கணினியை இயக்கும் மென்பொருளைப் போடவைக்கிறான் என்று வையுங்கள். அந்த மென்பொருளுக்கு இன்னும் அட்மின் அதிகாரம் கிடைக்காதவரை, பெட்டி வந்ததும் அவன் பக்கத்தில் திரை உறைந்துவிடும். அவனால் யெஸ்ஸைத் தொட முடியாது. அதனால்தான், "ஒரு பெட்டி வந்திருக்கும் பாருங்க சார், அதுல யெஸ் அழுத்துங்க" என்று கெஞ்சுவான். அந்த நிமிடம் உங்கள் கையில் இருக்கிறது. மூன்றாவது நிலைக்கு இறக்கி வைத்திருந்தால் அந்தத் தனித்திரை இருக்காது. நான்காவது நிலையில் பெட்டியே வராது, அட்மின் கணக்கில் ஓடும் எதற்கும் கேட்டவுடன் அதிகாரம் கிடைத்துவிடும். இந்த இரண்டையும் தொடாதீர்கள்.

தினசரி வேலைக்குத் தனிக் கணக்கு

பட்டன் நிலையைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது இது. மைக்ரோசாஃப்டே அட்மின் கணக்கில் வரும் யெஸ் பெட்டியை முழுமையான பாதுகாப்பு எல்லையாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அட்மினுக்கு ஒரு கணக்கு, அன்றாட வேலைக்கு அதிகாரமில்லாத ஸ்டாண்டர்ட் கணக்கு என்று இரண்டாகப் பிரித்துவிட்டால் பெட்டியில் யெஸ் மட்டும் போதாது; அட்மினின் கடவுச்சொல்லையும் கேட்கும். பிள்ளைகள் தொடும் கணினியிலும் பெரியவர்கள் தனியாக இருக்கும் வீட்டிலும் இதைக் கட்டாயம் செய்யுங்கள். வரிசை மாறினால் அட்மினே இல்லாத கணினியில் மாட்டிக்கொள்வீர்கள், அதனால் இதை மட்டும் எண் போட்டு எழுதுகிறேன்.

1. செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் என்று போங்கள். விண்டோஸ் 10இல் 'ஃபேமிலி அண்ட் அதர் யூசர்ஸ்' என்று இருக்கும். புதிய கணக்கு ஒன்றைச் சேருங்கள். மின்னஞ்சல் கேட்கும்போது, இவருடைய விவரம் என்னிடம் இல்லை என்ற வரியையும், அடுத்த திரையில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் சேர் என்பதையும் தொட்டால் ஒரு பெயரும், கடவுச்சொல்லும், கடவுச்சொல் மறந்தால் உதவும் சில கேள்விகளுக்குப் பதிலும் போதும். கடவுச்சொல்லைக் காலியாக விடாதீர்கள்.

2. அந்தப் புதிய கணக்கின் பெயரைத் தொட்டு, 'சேஞ்ச் அக்கவுண்ட் டைப்' போய் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று மாற்றுங்கள்.

3. இப்போதைய கணக்கிலிருந்து சைன் அவுட் செய்து, புதிய அட்மின் கணக்கில் ஒருமுறை நுழையுங்கள். கடவுச்சொல் சரியாக வேலை செய்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த படி.

4. அங்கிருந்தபடியே உங்கள் பழைய கணக்கை 'ஸ்டாண்டர்ட் யூசர்' ஆக்குங்கள்.

5. திரும்பப் பழைய கணக்குக்கு வாருங்கள். உங்கள் கோப்புகள், படங்கள், பிரவுசர் எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும்.

அத்தையின் அட்மின் கடவுச்சொல் அவருடைய சமையல் குறிப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. காகிதத்தில் எழுதாதே என்பார்கள். வீட்டுக் கணினிக்கு வரும் ஆபத்து இணையத்திலிருந்துதான், நோட்டைத் திறந்து பார்க்க அங்கிருந்து யாரும் வரமாட்டார்கள். மறந்துபோய் வெளியே நிற்பதைவிட எழுதி வைப்பது மேல்.

ஒரு சின்ன விஷயம். இப்படி அட்மின் கடவுச்சொல் கொடுத்து நிறுவும்போது சில மென்பொருள்கள் அட்மின் கணக்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், உங்கள் டெஸ்க்டாப்பில் ஐகான் வராது. மென்பொருளின் தளத்தில் ஒரே பயனருக்கான நிறுவல் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். புரோகிராம் எழுத உதவும் விஷுவல் ஸ்டுடியோ கோடு மாதிரியானவற்றில் அது இருக்கிறது; அதற்கு அட்மின் அதிகாரமே தேவைப்படாது.

பழைய மென்பொருளும் காணாமல்போன பில்களும்

"ரைட் கிளிக் பண்ணி 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுங்க, சரியாயிடும்" என்பது நம் ஊரில் எல்லாக் கோளாறுக்கும் சொல்லும் மருந்து. டிரைவர் நிறுவுவது போன்ற ஒரு தடவை வேலைக்குச் சரி. தினமும் திறக்கும் மென்பொருளுக்கு அதை நிரந்தரமாக டிக் செய்து வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. காரணம் இருக்கிறது.

தெரிந்த ஹார்டுவேர் கடைக்காரர் ஒருவர் பழைய பில்லிங் புரோகிராம் ஒன்றை வைத்திருந்தார். ஒரு நாள் யாரோ அதில் அட்மின் டிக்கைப் போட்டுவிட்டுப் போக, மறுநாள் திறந்தால் நான்கு மாத பில்கள் காணோம். மனிதர் முகமே வெளுத்துப்போய் என்னைக் கூப்பிட்டார். பில்கள் எங்கேயும் போகவில்லை. பழைய 32 பிட் புரோகிராம்கள் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே தங்கள் கணக்கை எழுதப் பார்க்கும். சாதாரண அதிகாரத்தில் அங்கே எழுத முடியாது. அது தடுமாறி நிற்காமல் இருக்க, எழுதுவதை விண்டோஸ் சத்தமில்லாமல் வேறு இடத்துக்குத் திருப்பிவிடும். அட்மினாக ஓட்டினால் திருப்புவது நின்றுபோய், புரோகிராம் அசல் ஃபோல்டரில் இருக்கும் பழைய கோப்பைத் திறக்கும். புதிய பில்கள் எல்லாம் மற்ற இடத்தில் பத்திரமாக இருக்கும்.

அந்த இடம்: சி டிரைவ், யூசர்ஸ், உங்கள் பெயர், ஆப்டேட்டா, லோக்கல், விர்ச்சுவல்ஸ்டோர். ஆப்டேட்டா மறைந்திருக்கும், எக்ஸ்புளோரரின் வியூ மெனுவில் 'ஹிடன் ஐட்டம்ஸ்' டிக் செய்தால் தெரியும். முதல் வேலையாக இரண்டு இடத்துக் கோப்புகளையும் பென்டிரைவில் காப்பி எடுத்துவிட்டேன். பிறகு மென்பொருளை சி டிரைவில் தனி ஃபோல்டர் ஒன்றில் மறுபடி நிறுவி, விர்ச்சுவல்ஸ்டோரில் இருந்த கணக்குக் கோப்பை அங்கே வைத்தேன். அட்மின் டிக்கை எடுத்தேன். பில்கள் வந்துவிட்டன, அன்றிலிருந்து பெட்டியும் வருவதில்லை. வேறு ஃபோல்டரில் நிறுவ விடாத மென்பொருளாக இருந்தால், அந்த ஒரே ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி பகுதிக்குப் போய் யூசர்ஸ் என்பதற்கு 'மாடிஃபை' அனுமதி கொடுக்கலாம். அதற்கு மேல் எதையும் திறந்துவிடாதீர்கள்.

அட்மினாக ஓடும் ஜன்னலில் வேறு சில விநோதங்களும் உண்டு. டெஸ்க்டாப்பிலிருந்து கோப்பை இழுத்துப் போட்டால் ஏற்காது. தனியாக நிறுவிய தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள் சில அந்த ஜன்னலில் மட்டும் வேலை செய்யாமல் ஆங்கில எழுத்தே விழும். கீபோர்டு கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அதிகாரம் குறைந்த புரோகிராம் அதிகாரம் கூடிய ஜன்னலுக்குள் கைவைக்கக் கூடாது என்று விண்டோஸ் தடுப்பதால் வருவது அது.

தவறி யெஸ் அழுத்திவிட்டால்

முதலில் வைஃபையை அணையுங்கள், கேபிள் இருந்தால் பிடுங்குங்கள். பிறகு செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய், நிறுவிய தேதிப்படி வரிசைப்படுத்தி, இன்று புதிதாக வந்திருப்பதை நீக்குங்கள். தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருள் ஏதாவது இருந்தால் அதுதான் முதலில் போக வேண்டும்.

அடுத்து விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் பகுதியில் 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' போய் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். கணினி தானாக அணைந்து, விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே சோதிக்கும். கால் மணி நேரம் அளவுக்கு ஆகும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒளிந்துகொள்ளும் வைரஸ்கள் இதில் சிக்க வாய்ப்பு அதிகம். நோ அழுத்த அழுத்தப் பெட்டி மறுபடி மறுபடி வந்து நச்சரித்தாலும் இதே மருந்துதான். சலித்துப்போய் யெஸ் சொல்ல வைப்பதுதான் அதன் நோக்கம், இடங்கொடுக்காதீர்கள். பெட்டி எதையும் செய்ய விடவில்லை என்றால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு, இணையம் இல்லாமல் திறந்து ஸ்கேனைத் தொடங்குங்கள்.

மின்னஞ்சல், வங்கி, முகநூல் கடவுச்சொற்களை அதே கணினியில் மாற்றாதீர்கள், போனிலிருந்து மாற்றுங்கள். மின்னஞ்சல்தான் முதலில், மற்றவற்றுக்கெல்லாம் அதுதான் சாவி. கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் ஸ்கேன் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே வங்கிக்குச் சொல்லுங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்து, எந்தக் கணக்கிலிருந்து எவ்வளவு, எத்தனை மணிக்குப் போனது என்று சொல்லுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் தகவல் போய்ச் சேர்ந்தால் நிறுத்திவைக்க வழி இருக்கிறது.